ஆறாம் வேற்றுமைக்கு வந்த சோதனை

ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு நூலைக் காட்டிலும் நூலின் ஓரத்தில் எழுதிய குறிப்பே பெருஞ்சொத்து. பன்னிரண்டு ஆண்டுகளாக நாம் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும் இலக்கண நூல் ஒன்றின் ஓரங்களில் பென்சிலாலும் பேனாவாலும் எழுதி வைத்தவை இப்பொழுது அச்சிட்ட பகுதியோடு போட்டியிடும் அளவிற்குப் பெருகிவிட்டன. அந்நூலை விற்றவர் ஓர் இரவு ஓசைப்படாமல் நம் வீட்டிற்குள் நுழைந்து, அலமாரியிலிருந்து அதனை எடுத்துக்கொண்டு, மேசைமீது அதன் விலையை எண்ணி வைத்துவிட்டுப் போனால் நாம் என்ன செய்வோம்? காவல் நிலையத்திற்கு ஓடுவோம். "பணந்தான் திரும்பி வந்துவிட்டதே" என்று காவலர் கூறினால் நம் மனம் அடங்குமா?

இது வெறுங்கற்பனை அன்று. மின்னூல் உலகில் 2009ஆம் ஆண்டு இது நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சிக்கு வருமுன் அதற்கு அடிப்படையான 'பூட்டு' ஒன்றனைப் பற்றிச் சற்று விளக்குதல் வேண்டும்.

தொழில்நுட்பச் செய்திகளில் 'உங்கள் பாதுகாப்பிற்காக' என்னும் தொடர் அடிக்கடி வருகின்றது. தமிழ் பயிற்றுவோர்க்கு ஒரு தீராத பழக்கம் உண்டு. எத்தொடரைக் கண்டாலும் வேற்றுமையைத் தேடுவர். பாதுகாப்பு என்றால், யாருக்கு என்னும் நான்காம் வேற்றுமையும் யாரிடமிருந்து என்னும் ஐந்தாம் வேற்றுமையும் உடன் வந்தாக வேண்டும். இவ்விரண்டையும் விழுங்கிவிட்டு 'பாதுகாப்பு' என்று மட்டும் ஒரு நிறுவனம் சொல்லுமாயின், அத்தொடரை ஐயத்தோடு அணுகுவதே அறிவுடைமை. இன்னொரு வேற்றுமையும் உண்டு. அது உடைமையைக் குறிக்கும் ஆறாம் வேற்றுமை. 'எனது நூல்', 'எனது கணிப்பொறி' என்னும் தொடர்களுக்கு இக்காலத்தில் என்ன பொருள் என்பதே நம் வினா.

பாட்டு, திரைப்படம், நூல் ஆகியவற்றை எண்களாக மாற்றிக் கணிப்பொறியில் சேமிக்கும் முறை பரவியபோது, அவற்றைப் படியெடுத்தல் மிக எளிதாயிற்று. மூலத்திற்கும் படிக்கும் வேறுபாடே இல்லை, செலவும் இல்லை. விற்பனையாளர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. எழுதியவனுக்கும் பாடியவனுக்கும் கூலி கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. அவர்கள் கண்ட மருந்துதான் விந்தையானது. கோப்பினை மறைமொழியாக்கிப் பூட்டி விற்றனர். இதற்கு 'டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மெண்ட்' என்று பெயர். தமிழில் 'எண்முறை உரிமை மேலாண்மை' எனலாம். யாருடைய உரிமை என்பது பெயரில் இல்லை. ஆறாம் வேற்றுமை அங்கேயே தொலைந்துவிட்டது.

இப்பூட்டிற்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. மறைமொழிக் கலை இருவர்க்கிடையே செல்லும் செய்தியை மூன்றாமவரிடமிருந்து காப்பதற்காகத் தோன்றியது. இங்கோ வாங்கியவரே செய்தியைப் பெறுபவர். திருடக்கூடியவர் என ஐயுறப்படுபவரும் அவரே. அவர் பாட்டைக் கேட்க வேண்டுமாயின் திறவுகோலும் அவருடைய கருவிக்குள் எங்கேனும் இருந்தாக வேண்டும். பெட்டியையும் சாவியையும் ஒருவர் கையிலேயே கொடுத்துவிட்டு, சாவி இருக்குமிடத்தை மட்டும் சொல்லாமல் விடுவது போன்றது இது. தேடுபவன் கண்டுகொள்வான்.

அவ்வாறே கண்டும் கொண்டனர். 2002ஆம் ஆண்டு சோனி நிறுவனத்தின் பூட்டிய குறுந்தகடுகள் சிலவற்றை, அவற்றின் விளிம்பில் மைப்பேனாவால் ஒரு கோடு இழுத்தே ஏமாற்றலாம் என்னும் செய்தி வெளியாயிற்று. கோடிக்கணக்கில் பொருள் செலவிட்டுக் கட்டிய கோட்டையை எழுதுபொருள் கடைப் பேனா வீழ்த்திற்று. மறு ஆண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், சன்காம் நிறுவனத்தார் செய்த பூட்டினை, தகட்டைச் செருகும்போது விசைப்பலகையில் 'ஷிப்ட்' விசையை அழுத்திக்கொண்டிருந்தாலே கடந்துவிடலாம் என்று எழுதிக் காட்டினார். அந்நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடரப்போவதாக முதலில் முழங்கியது. ஊர் சிரித்த பின்னர்ப் பின்வாங்கியது. ஒரு விசையை அழுத்தச் சொன்னதற்காக வழக்காடினால், தட்டச்சுப் பயிலகங்களை எல்லாம் மூட வேண்டியிருக்குமே!

நகைத்துவிட்டுக் கடந்து போகத்தக்க கட்டம் இதுவரைதான். வாங்கியவர் கணிப்பொறிக்குள் நுழைந்து, அவருக்கே தெரியாமல் காவல் இருப்பது என்று 2005ஆம் ஆண்டு சோனி பி.எம்.ஜி. இசை நிறுவனம் முடிவு செய்தது. பர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்னும் பிரித்தானிய நிறுவனம் எழுதிய எக்ஸ்.சி.பி. என்னும் மென்பொருளைத் தன் குறுந்தகடுகள் ஐம்பத்திரண்டு தொகுப்புகளில் அது சேர்த்தது. இசைத்தட்டு என்று கருதி ஒருவர் அதனை விண்டோஸ் கணிப்பொறியில் செருகினால், அம்மென்பொருள் உள்ளே குடியேறும். குடியேறியதோடு தன்னை மறைத்தும் கொள்ளும். இரு டாலர் குறிகளுக்கிடையே 'சிஸ்' என்னும் எழுத்துகளைக் கொண்டு பெயர் தொடங்கினால் போதும். அப்பெயருடைய எந்தக் கோப்பும் கணிப்பொறியின் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இவ்வாறு கணிப்பொறியின் அடிவேரில் ஒளிந்துகொள்ளும் மென்பொருளுக்கு 'ரூட்கிட்' என்று பெயர். அதுவரை இவ்வேலையைச் செய்து வந்தோர் கள்வர்களே.

மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர், தாம் எழுதிய சோதனைக் கருவியைத் தம் கணிப்பொறியிலேயே ஓட்டிப் பார்த்தபோது இதனைக் கண்டு திடுக்கிட்டார். தேடிச் சென்றால், கடையில் விலை கொடுத்து வாங்கிய ஓர் இசைத்தட்டில் வந்து நின்றது அந்தத் தடம். அழிக்க முயன்றார், குறுந்தகட்டுக் கருவியே இயங்காது நின்றது. 2005 அக்டோபர் 31 அன்று அவர் இதனை வெளியிட்டார். சில நாள்களுக்குள் வைரஸ் எழுதுவோர், தம் கோப்புகளுக்கும் அதே முன்னொட்டைச் சூட்டி, சோனி விரித்த போர்வைக்குள் தாமும் படுத்துக்கொண்டனர். இணைய விளையாட்டில் ஏமாற்றுவோரும் அப்போர்வையைப் பயன்படுத்தினர். வேலியே பயிரை மேய்ந்த கதை நாம் அறிந்தது. இங்கு வேலி, பிறர் மாடுகளுக்கும் வழிகாட்டியது.

பெரும்பாலோர்க்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பின் ஏன் அவர்கள் கவலைப்பட வேண்டும் என்னும் பொருள்பட அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் அமெரிக்க வானொலியில் விடையிறுத்தார். கிணற்றில் நஞ்சு கலந்திருப்பது குடிப்போர்க்குத் தெரியாது. தெரியாதபோது கவலை எதற்கு? தருக்க நூலில் இதற்கு என்ன பெயரோ! பின்னர் நீக்கும் கருவி ஒன்றனை வழங்கினர். அக்கருவியோ, எந்த இணையதளமும் உள்ளே நுழையத்தக்க புதிய ஓட்டை ஒன்றைக் கணிப்பொறியில் விட்டுச் சென்றது. மற்றொன்றையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பதிப்புரிமையைக் காக்க எழுதிய அந்த மென்பொருளுக்குள், பிறர் எழுதிய கட்டற்ற மென்பொருளின் பகுதிகள் உரிம நிபந்தனைகளை மதியாமல் சேர்க்கப்பட்டிருந்தன என்று ஆய்ந்தோர் கண்டனர்.

அத்தகட்டோடு வந்த ஒப்பந்தம் தனி இலக்கியம். 'ஒப்புகிறேன்' என்னும் பொத்தானை அழுத்துமுன் அதனைப் படித்தவர் எத்தனை பேரோ அறியோம். அமெரிக்காவில் எண்முறை உரிமைகளுக்காக இயங்கும் இ.எப்.எப். என்னும் அமைப்பினர் படித்தனர். உங்கள் வீட்டில் திருடன் புகுந்து தகட்டைக் கொண்டு போனால், கணிப்பொறியில் உள்ள பாட்டையும் நீங்களே அழித்துவிட வேண்டும். நொடித்துப் போனாலும் அழிக்க வேண்டும். நாடு விட்டுப் போனாலும் அழிக்க வேண்டும். நிறுவனத்தால் உங்களுக்கு எத்துணைக் கேடு விளைந்தாலும் ஐந்து டாலருக்குமேல் கேட்கலாகாது. பொருள் பறிகொடுத்தவனிடம், பறிபோகாமல் எஞ்சியதையும் எறிந்துவிடு என்று சொல்லும் நீதி இது.

அந்நவம்பரிலேயே சோனி தகடுகளைத் திரும்பப் பெறத் தொடங்கிற்று. வழக்குகள் வந்தன. 2007 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கணிப்பொறி பழுதுற்றோர்க்கு 150 டாலர் வரை ஈடு தர இசைந்தது. இவற்றைக் காட்டிலும் நம் நினைவில் நிற்பது, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அலுவலர் ஸ்டூவர்ட் பேக்கர் அந்நாள்களில் கூறிய கருத்து. படைப்பு உங்களுடையதாக இருக்கலாம். கணிப்பொறி உங்களுடையதன்று என்பது அதன் சாரம். ஆறாம் வேற்றுமையை ஓர் அரசு அலுவலர் இத்துணைத் தெளிவாகப் பயிற்றுவித்ததை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

கண்டுபிடித்தோர் ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கலாம். ஹால்டர்மனும் அவர்தம் பேராசிரியர் எட்வர்டு பெல்டனும் இத்தகடுகளின் குறைகளை முன்னரே அறிந்திருந்தும், வழக்கறிஞர்களைக் கலந்து பேசுவதில் நாள்களைக் கழிக்க நேர்ந்தது. காரணம், 1998ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். பூட்டை உடைத்தலையே அது குற்றமாக்கியது. திருடும் நோக்கம் உண்டா என்பது பெரிதன்று. 2001ஆம் ஆண்டு பெல்டன் குழுவினர் தம் ஆய்வுக் கட்டுரையை இசைத் துறையினரின் மிரட்டல் கடிதத்தால் ஒருமுறை திரும்பப் பெற்று, பின்னரே அரங்கேற்ற முடிந்தது. அவ்வாண்டு ஜூலையில், மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருள் எழுதிய உருசிய நாட்டு டிமிட்ரி ஸ்கிலியாரோவ், லாஸ் வேகாஸ் மாநாட்டில் உரையாற்றிய பின் கைது செய்யப்பட்டார். அவர் பணியாற்றிய நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு குற்றமற்றது என்று விடுவித்தது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாகக் கொள்கின்றது. நோக்கத்தை வினவும் இந்தச் சிறு தொடருக்காக நம் சட்டம் இயற்றியோரைப் பாராட்டலாம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன இரவுத் திருட்டிற்கு வருவோம். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவி வைத்திருந்தோர் விலை கொடுத்து வாங்கிய இரண்டு நூல்களைக் கம்பியில்லா இணைப்பின் வழியே அவர்தம் கருவிகளிலிருந்து அழித்தது. விலையைத் திருப்பித் தந்தது. அவற்றை விற்பனைக்குத் தந்த பதிப்பகத்தார்க்கு உரிமை இல்லை என்பது காரணம். காரணம் மெய்யே. ஆனால் அச்சு நூலாயின் வழக்கு விற்றவரோடு முடியும். வாங்கியவன் அலமாரிக்கு வராது. அழிந்த நூல்கள் எவை? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை'. ஆட்சியாளர்க்கு வேண்டாத ஆவணங்களை ஒரு துளைக்குள் போட்டு எரித்துவிடும் உலகத்தைப் படைத்துக் காட்டியது '1984'. இத்துணைப் பொருத்தமான நூலைத் தேர்ந்தெடுக்க நையாண்டி எழுதுவோர்க்கும் கூசும்.

மிச்சிகன் மாநிலப் பள்ளி மாணவர் ஒருவர் வகுப்புப் பணிக்காக '1984'ஐப் படித்துக் குறிப்பெழுதி வந்தார். நூல் போயிற்று. எந்த வரிக்கு எழுதினாரோ அவ்வரியே இல்லாமையால் குறிப்புகள் பொருளற்றுக் கிடந்தன. மூலம் அழிந்த உரை போல என்றால் நம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். வழக்குத் தொடர்ந்தார். நிறுவனத் தலைவர் ஜெப் பெசோஸ், அறிவற்ற செயல் என்று தாமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நூலையும் குறிப்பையும் திரும்பத் தருகிறோம், வேண்டாதார்க்கு 30 டாலர் என்று செப்டம்பரில் அறிவித்தனர். வழக்கும் உடன்பாட்டில் முடிந்தது. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் எல்லாம் படிக்க இயலாதனவாயின. விலை திரும்ப வந்தது. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தோர்க்குக் கூடுதலாக 25 டாலர். பத்தாண்டுகளில் உரையாசிரியர் விலை ஐந்து டாலர் இறங்கிவிட்டது!

பூட்டின்றி விற்றால் வணிகம் அழியும் என்பாரும் உளர். இசை வணிகர் 2007 முதல் ஒருவர்பின் ஒருவராகப் பூட்டைக் கழற்றினர். 2009இல் ஆப்பிள் கடையிலும் பாட்டுகள் பூட்டின்றிக் கிடைத்தன. இசைத் தொழில் அதனால் மாண்டுவிடவில்லை. நம் துறையினர்க்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. ஓலை செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் யாரையும் கேளாமல் பெயர்த்தெழுதினமையால்தான் பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன. பூட்டிய மின்னூலைப் பெயர்த்தெழுத ஏடெழுதுவோன் வாரான். விற்ற கடை மூடினால் நூலும் மூடும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களைப் பூட்டின்றி இணையத்தில் வைத்துவருவது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

2025 ஜனவரி முதல் நாளிலிருந்து கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடப்பிலுள்ளது. பயன்படுத்தும் இசைவை மட்டும் தருவோர், அதனைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்னும் சொல்லை ஆளலாகாது. ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் கூட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 26 அன்று, வாங்கிய கிண்டில் நூல்களைக் கணிப்பொறியில் இறக்கிக் கம்பிவழிக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது. நம் இலக்கண நூலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் சென்ற வாரம் இரவல் வாங்கிச் சென்றார். ஓரத்தில் இடமில்லை, ஒட்டுத்தாள் வைத்து எழுதலாமா என்று கேட்டிருக்கிறார்.