பாவாடைக்குள் எஃகுக் கூண்டு

மாணவர்களே, உங்கள் எஃகு அடிக்கோலை மெல்ல வளைத்து விடுங்கள். உடனே நிமிர்ந்துவிடுகிறது, அல்லவா? இந்த மீள்தன்மைதான் 1856இல் ஐரோப்பியப் பெண்களின் உடையை மாற்றியது.

அதற்கு முன், பாவாடை குடைபோல் விரிந்து நிற்கக் கஞ்சி போட்ட உள்பாவாடைகளைப் பல அடுக்குகளாக அணிந்தார்கள். அத்தனை பாரமும் இடுப்பில்தான்! புதிதாக வந்த ‘கிரினோலின்’ கூண்டிலோ, கீழே போகப் போக அகலும் எஃகு வளையங்கள் துணி நாடாக்களில் தொங்கின. மெல்லிய எஃகுப் பட்டை என்பதால் எடை குறைவு. குறுகிய வாசலில் வளைந்து கொடுக்கும். வெளியே வந்ததும் பழைய வடிவம் பெறும். கால்களும் தாராளமாக அசைந்தன.

ஆனால், பாவாடையின் விளிம்பு உடலைவிட்டு வெகுதூரம் தள்ளி நின்றது. அது கணப்பு அடுப்பை உரசினாலும் அணிந்தவருக்குத் தெரியாது. துணியில் தீப்பற்றினால், கூண்டுக்குள் இருக்கும் காற்றின் உயிர்வளி அதை விரைவாகப் பரப்பிவிடும்.

இந்த நாகரிகம் தென் அமெரிக்காவுக்கும் பரவியது. 1863இல் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரத் தேவாலயம் ஒன்று தீக்கிரையானதில் 2,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். அகன்ற பாவாடைகள் தப்பி ஓடத் தடையாயின.

பாரத்தைக் குறைத்த வடிவமைப்பு, தீயை மறந்துவிட்டது. நாளை நீங்கள் எதை வடிவமைத்தாலும், “இது தீப்பற்றினால் என்னவாகும்?” என்றும் கேட்டுப் பாருங்கள்.