முகவரி இல்லாத எச்சரிக்கை

2025 மார்ச் கடைசியில் சென்னையில் கிளம்பிய ஒரு செய்தி, சில நாட்களிலேயே விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணி வயல்களை முடக்கிப் போட்டது. சாயம் ஏற்றிய பழத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் மக்களுக்கு விளக்கிய காணொளி அது. வெட்டிய பழத்தைப் பஞ்சால் தேய்த்தால் போதும், சாயம் ஒட்டிக்கொள்ளும் என்றார். நோக்கம் விழிப்புணர்வுதான். ஆனால் கைபேசி கைபேசியாகத் தாவியபோது, ‘தர்பூசணி சாப்பிடாதே’ என்பது மட்டும் மிஞ்சியது.

விலை சரிந்தது. பேசி வைத்த வியாபாரிகள் பின்வாங்கினார்கள். முற்றிய காய்கள் கொடியிலேயே கிடந்தன. விவசாயிகள் கொந்தளித்த பிறகு, தமிழகத்தில் அப்படிச் சாயம் ஏற்றிய பழம் எதுவும் பிடிபடவில்லை என்று அதே அதிகாரி விளக்கம் தந்தார். சில நாட்களில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். அதற்குள் சீசனின் நல்ல நாட்கள் போய்விட்டன.

தர்பூசணி இரண்டரை, மூன்று மாதப் பயிர். மார்கழி, தையில் விதைத்தால் பங்குனி, சித்திரை வெயிலில் விற்றாக வேண்டும். வீரிய ஒட்டு விதை, நிலப்போர்வை, சொட்டுநீர்க் குழாய், உரம், களையெடுப்பு என்று பணம் முழுவதும் முதலிலேயே மண்ணில் இறங்கிவிடும். நெல்லைப் போல மூட்டை கட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருக்க வழியில்லை. ஒரு வாரம் விற்பனை நின்றால் ஒரு வருட வருமானம் போகும்.

எச்சரிக்கையே கூடாது என்று சொல்ல வரவில்லை. குழந்தைக்குப் பழம் நறுக்கிக் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை உண்டு. என் ஆதங்கம் வேறு. அந்த எச்சரிக்கையில் முகவரி இல்லை. எந்தச் சந்தை, எந்த லோடு, எத்தனை மாதிரி எடுத்தார்கள், ஆய்வகம் என்ன சொன்னது என்ற விவரம் எதுவும் மக்களிடம் வரவில்லை. முகவரி இல்லாததால் அது எல்லார் வீட்டுக் கதவையும் தட்டியது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இதைத் தெளிவாகவே பேசுகிறது. ஓர் உணவால் உடல்நலத்துக்குக் கேடு வரலாம் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; அப்போது எந்த உணவு, என்ன ஆபத்து, என்ன நடவடிக்கை என்பதை முடிந்தவரை முழுமையாக அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது அதன் 18ஆவது பிரிவு. ஆனால் அடையாளம் காட்ட நம் பழத்துக்கு அடையாளம் இருக்கிறதா?

ஒரு பழம் வயலிலிருந்து தட்டுக்கு வரும் வழியைப் பாருங்கள். வியாபாரியோ தரகரோ வயலுக்கே வந்து விலை பேசுகிறார். ஆட்கள் காயைத் தட்டிப் பார்த்து அறுத்து, வைக்கோல் பரப்பிய லாரியில் அடுக்குகிறார்கள். ஒரு வயலில் லோடு நிறையவில்லை என்றால் அடுத்த வயலில் நிரப்பிக்கொள்கிறார்கள். கணக்கு ஒரு துண்டுச் சீட்டில். சென்னைக் கோயம்பேடு சந்தையில் இறங்கியதும் பல லாரிப் பழங்கள் கலந்து சில்லறைக் கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் பிரிகின்றன. தள்ளுவண்டிக்காரரிடம் எந்த ஊர்ப் பழம் என்று கேட்டால் ‘திண்டிவனம் பழம்’ என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

எச்சரிக்கை விவசாயியை வீழ்த்தும் இந்த விபத்து நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2011 மே மாதம் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமித் தொற்று பரவியது. சுமார் 4,000 பேர் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் மே 26 அன்று அறிவித்தார்கள். ஐரோப்பா முழுவதும் வெள்ளரி விற்பனை விழுந்தது. ஆனால் வெள்ளரியில் அந்தக் கிருமி வகை இல்லை.

உண்மையைக் கண்டுபிடிக்க உதவியவை பதிவேடுகள். ஓர் உணவகத்தில் சாப்பிட்டவர்கள் ஆர்டர் செய்த உணவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் என்னென்ன சேர்த்தோம் என்று சமையற்காரரிடம் கேட்டார்கள். சாப்பிட்டவர்களே மறந்துபோன முளைகட்டிய விதை அப்போது வெளிப்பட்டது. அங்கிருந்து ஒரு பண்ணை; பண்ணையிலிருந்து விதை; கடைசியில் எகிப்திலிருந்து 2009இல் இறக்குமதியான வெந்தயத்தின் ஒரு லாட் வரை பின்னோக்கிப் போனார்கள். தனக்கு விற்றவர் யார், தான் விற்றது யாருக்கு என்று ஒவ்வொரு வியாபாரியும் எழுதி வைக்க வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்ட விதி 2005லிருந்தே நடைமுறையில் இருந்ததால்தான் அந்தப் பயணம் முடிந்தது. தவறான அறிவிப்பால் நொந்த காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் நிவாரணமும் கிடைத்தது. நம் தர்பூசணிக்காரர்கள் இழப்பீடு கேட்டுத் தெருவில் நின்றார்கள்.

இப்படிப் பதிந்து வைப்பது நம்மால் முடியாத காரியமா? பூச்சிமருந்து எச்சம் காரணமாக 2003இல் ஐரோப்பாவில் இந்தியத் திராட்சைக்குச் சிக்கல் வந்தது. 2006இல் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான ‘அபேடா’ கிரேப்நெட் என்ற பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தோட்டமும் பதிவாகிறது. ஆய்வக முடிவு அதனுடன் சேர்கிறது. ஐரோப்பாவில் இறங்கும் பெட்டியை வைத்து நாசிக் தோட்டம் வரை போக முடிகிறது. ஏற்றுமதி நிலக்கடலைக்கும் இப்படி ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர் கேட்டால் கொடுக்கிற விவரத்தை விழுப்புரத்துக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் கொடுக்க மறுப்பது நியாயமே இல்லை.

விவசாயிகளுக்கும் இந்தப் பதிவு முறை புதிதல்ல. காணை ஒன்றியத்து விவசாயி உளுந்தையோ நிலக்கடலையையோ விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு போனால், அவர் பெயர் பதிவாகிறது. குவியலுக்கு லாட் எண் விழுகிறது. மறைமுக ஏலத்தில் யார் என்ன விலைக்கு எடுத்தார், எத்தனை கிலோ என்று சீட்டு வருகிறது. அந்தக் கடலையில் பூஞ்சை நஞ்சு இருப்பதாகப் பின்னால் தெரிந்தால், எந்த லாட் என்றாவது கேட்க முடியும். அதே லாட் எண்ணைத் தர்பூசணி லாரிக்கும் கொடுக்கலாம்: ஊர், வயல், அறுத்த தேதி, ஏற்றிய வியாபாரி. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தோட்டக்கலைத் துறையும் இந்த எழுத்து வேலையை ஏற்க வேண்டும். விவசாயி தன் நிலத்தில் விளைவித்ததை உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும். எழுதி வைக்கும் கடமை முதல் வியாபாரியிடம் தொடங்கட்டும்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் ஒன்று. எச்சரிக்கை விடும்போது எத்தனை மாதிரி, எந்த இடம், என்ன முடிவு என்ற மூன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால், எச்சரிக்கை போன வழியெல்லாம் அந்த மறுப்பும் அதே வேகத்தில் போக வேண்டும். சாயம் ஏற்றியவன் ஒருவன் இருந்தால், அவன் லோடு மட்டும் சந்தையை விட்டுப் போகட்டும். ஒழுங்காக விளைவித்தவர்களின் பழம் விற்பனைக்கு நிற்கட்டும். அடுத்த மார்கழியில் விதை ஊன்றும் முன் இதற்கான உத்தரவு வர வேண்டும்.