முன்மொழிவு மென்பொருளும் தனித்தொழில் வடிவமைப்பாளரும்

முன்மொழிவு மென்பொருள் என்பது, ஒரு வேலையை எப்படி, எவ்வளவு காலத்தில், என்ன விலைக்குச் செய்து தருவோம் என்று வாடிக்கையாளருக்கு எழுதித் தரும் ஆவணத்தைத் தயாரித்து, இணையம் வழியே அனுப்பி, அவருடைய சம்மதத்தையும் அங்கேயே பெற உதவும் மென்பொருளாகும். ஆங்கிலத்தில் ப்ரொபோசல் எனப்படும் இந்த ஆவணத்தைத் தமிழ்நாட்டில் பலரும் கொட்டேஷன் என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கொட்டேஷனில் பெரும்பாலும் விலை மட்டுமே இருக்கும். முன்மொழிவில் அந்த விலைக்குள் எவை அடங்கும், எவை அடங்கா என்பதும் இருக்கும். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்குச் சேராமல் தனியாகத் தொழில் செய்யும் ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளருக்கு இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம்.

பிட்ஸ்கெட்ச், பெட்டர் ப்ரொபோசல்ஸ், பாண்டாடாக், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் தோன்றிய ப்ரொபோசிஃபை, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தோன்றிய குவில்லர் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. இவை மேலை நாடுகளின் தொழில் வழக்கத்தை ஒட்டி உருவானவை. இந்தியாவில் பயன்படுத்துவோர் இதை மறக்கலாகாது. காரணம் பின்னால் வரும்.

செயல்படும் முறை

மென்பொருளில் ஆயத்த வார்ப்புருக்கள் இருக்கும். வடிவமைப்பாளர் தம்மைப் பற்றிய அறிமுகம், முந்தைய வேலைகளின் படங்கள், வழக்கமான நிபந்தனைகள் ஆகியவற்றை ஒரு முறை எழுதிச் சேமித்து வைத்தால், ஒவ்வொரு புதிய முன்மொழிவிலும் அவற்றை எடுத்துச் செருகிக்கொள்ளலாம். முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஓர் இணைப்பு மின்னஞ்சலில் செல்லும். அவர் அதைத் திறந்து படித்து, பெயரைத் தட்டச்சிட்டோ விரலால் கையெழுத்திட்டோ ஏற்றுக்கொள்ளலாம். யார், எந்த மின்னஞ்சலிலிருந்து, எந்த நேரத்தில், எந்த ஐபி முகவரியிலிருந்து ஏற்றார் என்ற பதிவு ஆவணத்துடன் சேர்ந்துகொள்ளும்.

விலைப் பட்டியலும் உயிருள்ளதாக இருக்கும். கணக்குக்காக ஓர் இனிப்புக் கடையின் வேலையை எடுத்துக்கொள்வோம். லோகோ எனப்படும் இலச்சினைக்கு ரூ. 25,000, இனிப்புப் பெட்டி வடிவமைப்புக்கு ரூ. 15,000, முகவரி அட்டைக்கும் கடிதத்தாளுக்கும் ரூ. 5,000, மொத்தம் ரூ. 45,000. சமூக ஊடகப் பதிவுகளுக்கான வடிவங்களை ரூ. 8,000க்கு விருப்பத் தேர்வாக வைத்தால், வாடிக்கையாளர் அந்தக் கட்டத்தில் குறியிட்டவுடன் மொத்தம் ரூ. 53,000 ஆகிவிடும். "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று பேரம் பேசுபவரிடம் விலையைக் குறைப்பதைவிட, ஒரு வேலையை எடுத்துவிட்டு விலையைக் குறைப்பதே நியாயம். அதைச் செய்ய இந்தப் பட்டியல் உதவுகிறது.

எல்லையை எழுதுதல்

வடிவமைப்புத் தொழிலில் சச்சரவு பெரும்பாலும் விலையால் வருவதில்லை. "இதையும் சேர்த்துத்தானே சொன்னோம்" என்பதால் வருகிறது. எத்தனை மாதிரிகள் காட்டப்படும், எத்தனை சுற்றுத் திருத்தம் உண்டு, அதற்கு மேல் போனால் என்ன கட்டணம், எந்த வடிவங்களில் கோப்புகள் தரப்படும், மூலக் கோப்பு உண்டா இல்லையா என்பவற்றை எண்ணிக்கையோடு எழுத வேண்டும். "திருப்தியாகும் வரை திருத்தித் தரப்படும்" என்று எழுதுவது பெருந்தன்மையாகத் தோன்றலாம். அது முடிவே இல்லாத வேலைக்குப் போடும் கையெழுத்து.

அடங்காதவற்றையும் எழுத வேண்டும். அச்சுச் செலவு, விலைக்கு வாங்கும் ஒளிப்படங்கள், எழுத்துருவின் வணிக உரிமம் ஆகியவை யார் தலையில் என்று முதலிலேயே தெளிவாக இருப்பது நல்லது. தமிழ் வேலைக்கு இன்னொன்று உண்டு. வாடிக்கையாளர் தரும் உரை பழைய எழுத்துரு முறையில் தட்டச்சிட்டதாக இருந்தால் அதை ஒருங்குறிக்கு மாற்றவும், மாற்றும்போது உடையும் எழுத்துகளைச் சரிபார்க்கவும் நேரம் பிடிக்கும். மெய்ப்புத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதும் அப்படியே. பத்தாயிரம் பெட்டிகள் அச்சாகி வந்த பிறகு "அதிரசம்" என்பதில் எழுத்துப்பிழை கண்டால், யார் இறுதி ஒப்புதல் தந்தார் என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

சட்டத்தின் பார்வை

முன்மொழிவு வெறும் விளம்பரத்தாள் அன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ப்ரொபோசல் என்ற சொல்லையே கையாள்கிறது. ஒருவர் முன்மொழிந்ததை மற்றவர் ஏற்றால் அது வாக்குறுதியாகிறது. அந்த ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. "சரி, ஆனால் இரண்டு பக்கம் கூடுதலாக வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பதில் ஏற்பு ஆகாது. அது எதிர் முன்மொழிவு. அப்போது பழையதை நிறுத்திவிட்டு, திருத்திய பதிப்பை அனுப்பி, அதற்குச் சம்மதம் பெற வேண்டும். முன்மொழிவில் குறித்த காலக்கெடு கடந்துவிட்டால் அது தானே இரத்தாகும் என்பது 6ஆம் பிரிவு. ஆகவே "15 நாள்கள் வரை செல்லும்" என்ற வரிக்குச் சட்ட வலிமை உண்டு. ஆறு மாதம் கழித்துப் பழைய விலைக்கே கேட்பவருக்கு அதுவே பதில்.

மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு கூறுகிறது. எனினும் திரையில் பெயரைத் தட்டச்சிடுவது, அச்சட்டம் தனியே அங்கீகரிக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கோ ஆதார் வழிக் கையொப்பத்துக்கோ சமமானதன்று.

இந்த வேறுபாடு பதிப்புரிமையில் பெரிதாகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாகப் படைத்தவரே. சம்பளப் பணியில் வரைந்ததற்கும், பணம் பெற்று எடுத்துத் தரும் ஒளிப்படம், ஓவியம் போன்ற சிலவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. மற்றபடி உரிமை கைமாற வேண்டுமானால், கொடுப்பவர் கையொப்பமிட்ட எழுத்து வடிவம் தேவை. இங்கே கொடுப்பவர் வடிவமைப்பாளர். வாடிக்கையாளர் மட்டும் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்துவதால் அது நிறைவேறாது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. கடையின் பெயர்ப்பலகையில் இருபது ஆண்டுகள் நிற்க வேண்டிய இலச்சினைக்கு இது விளையாட்டில்லை.

அமெரிக்க வார்ப்புருக்களில் 'ஒர்க் மேட் ஃபார் ஹையர்' என்றொரு தொடர் அடிக்கடி வரும். அது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் சொல். இந்திய ஒப்பந்தத்தில் அதை அப்படியே விட்டுவைப்பதில் பயனில்லை. முழுத்தொகை கிடைத்த பின், இன்ன படைப்பின் இன்ன உரிமைகள் இத்தனை காலத்துக்கு, இந்த நிலப்பரப்புக்கு மாற்றித் தரப்படும் என்று எழுதி, அந்த மாற்றத்தைத் தனிப் பத்திரமாக மையால் கையெழுத்திட்டுத் தருவதே பாதுகாப்பு.

பணம்

முன்பணம் எவ்வளவு, மீதி எந்தக் கட்டத்தில் என்பது முன்மொழிவிலேயே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சேவை மட்டும் வழங்குபவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவை. பதிவில்லாதவர் அந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது. வெளிநாட்டு மென்பொருள்கள் பேபால் போன்ற சேவைகளோடு இணைந்திருக்கும். ஆனால் பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. உள்ளூர் வாடிக்கையாளருக்கு வங்கிக் கணக்கையும் யுபிஐ எண்ணையும் குறிப்பிடுவதே எளிது.

உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழில்முனைவோருக்கு 2006ஆம் ஆண்டின் சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் எவ்வளவு தவணை பேசியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. இதை ஒரு வரியாக நிபந்தனைகளில் சேர்ப்பது முரட்டுத்தனம் ஆகாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வாடிக்கையாளர் எப்போது திறந்தார், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று சில மென்பொருள்கள் காட்டும். அதை அளவோடு நம்ப வேண்டும். அலுவலக மின்னஞ்சல்களைச் சோதிக்கும் பாதுகாப்பு நிரல்கூட இணைப்பைத் திறந்திருக்கலாம். "காலையில பாத்தீங்க போலிருக்கே" என்று தொலைபேசியில் கேட்பது, வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தது போலாகிவிடும்.

கட்டணம் பெரும்பாலும் மாதச் சந்தா, பலவற்றில் டாலரில். மாதம் ஓரிரு முன்மொழிவுகள் மட்டும் அனுப்புபவருக்கு கூகுள் டாக்ஸில் எழுதி பிடிஎஃப் ஆக அனுப்பி, மின்னஞ்சலில் சம்மதம் பெறுவதே போதும். சந்தா கட்டுமுன் இலவசச் சோதனைக் காலத்தில் ஒரு தமிழ் முன்மொழிவை ஏற்றி, பிடிஎஃப் ஆக இறக்கிப் பார்க்க வேண்டும். லத்தீன் எழுத்துக்காகவே செய்த வார்ப்புருக்களில் 'கொ', 'கோ' போன்றவை கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறக்கூடும்.

ஏற்கப்பட்ட ஆவணத்தையும் அதன் பதிவுத் தாளையும் அன்றே தம் கணினியில் இறக்கி வைக்க வேண்டும். சந்தா நின்றால் கணக்கும் பூட்டப்படலாம். வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் படிக்குச் சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். கோப்பே கையில் இல்லாதவர் எதற்குச் சான்றிதழ் தருவது?