விளிம்பு நாடுகள் – 9: ஒரே வீட்டில் மூன்று கட்சி

போன வாரம் நிறுத்திய இடம் உங்களுக்கு நினைவிருக்கும். நுமிடியம் என்ற பித்தளை ராட்சசனைக் கொடுத்துவிட்டு மோரோவிண்ட் நாட்டின் சுயாட்சியைக் காப்பாற்றிக்கொண்டார் அதன் தெய்வமான விவெக். அந்த ராட்சசனை வைத்து கண்டத்தின் மிச்சத்தையும் பிடித்தார் பேரரசர் டைபர் செப்டிம். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி மட்டும்: 2002இல் பெதஸ்டா வெளியிட்ட ‘மோரோவிண்ட்’ என்ற கணினி விளையாட்டில், டாம்ரியல் பேரரசுக்கு அடங்கியும் அடங்காமலும் கிழக்கு மூலையில் கிடக்கிற மாகாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஹ்லாலு, ரெடோரான், டெல்வானி என்ற மூன்று பெருங்குலங்களையும் இந்த வாரம் அறிமுகப்படுத்துவதாகச் சொல்லியிருந்தேன். வணிகர்கள், போர்வீரர்கள், மந்திரவாதிகள் என்று ஆளுக்கு ஒரு பத்தி எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஹ்லாலுவில் கால் வைத்ததும் ஒரு குடும்பம் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து நகர முடியவில்லை.

அதற்கு முன், விவெக் செய்துகொண்ட அந்த உடன்படிக்கைக்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தக் குடும்பத்தின் கதை புரியாது. விளையாட்டுக்குள் இருக்கும் அலமாரிகளில் மோரோவிண்டின் சுருக்கமான வரலாறு ஒன்று கிடைக்கும். பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். பேரரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மோரோவிண்ட் தன் தெய்வங்களையும் சட்டங்களையும் குலங்களையும் வைத்துக்கொண்டது. பேரரசு முழுவதும் தடை செய்யப்பட்ட அடிமைமுறையைக்கூட அங்கே தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள். இண்டோரில் என்ற மற்றொரு பெருங்குலத்தைச் சேர்ந்த தலைமைச் சபைத் தலைவர் இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை, பதவி விலகவும் மறுத்தார். அவரைக் கொன்றார்கள். அந்த நாற்காலியில் ஒரு ஹ்லாலு உட்கார்ந்தார். சந்தர்ப்பம் கிடைத்ததென்று ஹ்லாலுக்கள் இண்டோரில்காரர்களோடு இருந்த பழைய கணக்குகளையெல்லாம் தீர்த்துக்கொண்டார்கள். பல ஊர்ச் சபைகள் ரத்தம் சிந்திக் கைமாறின.

அடுத்து வரும் செய்தியில்தான் நான் நின்றுவிட்டேன். சுதந்திர நாடாக இருந்த மோரோவிண்ட் மாகாணமாக மாறிய அந்தக் காலத்தில், பேரரசின் படைகளோடு நடந்த மோதலில் சிந்திய ரத்தத்தைவிடக் குலங்களுக்குள் நடந்த இந்தச் சண்டையில் சிந்திய ரத்தமே அதிகம் என்கிறது அந்த நூல். படையெடுத்து வந்தவன் எல்லையில் நிற்கிறான். உள்ளே பங்காளிகள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்கிறார்கள். பிரித்தாளும் சூழ்ச்சி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கான தேவையே இங்கே எழவில்லை. பிளவு ஏற்கெனவே இருந்தது. பேரரசு வந்ததால் அதற்குப் பரிசு கிடைக்கத் தொடங்கியது, அவ்வளவுதான். இந்தத் தொடரில் நான் எழுதிவரும் எல்லா நாடுகளையும் இந்த ஒரு எண்ணம் துரத்துகிறது. அதை இத்தனை துல்லியமாக எழுதி வைத்த கற்பனை வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இனி ட்ரென் குடும்பம். வார்டன்ஃபெல் தீவு நெடுங்காலம் கோயில் நிலமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது. மூன்றாம் யுகம் 414இல் அதைப் பேரரசின் மாவட்டமாக மாற்றிக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டார்கள். மூன்று குலங்களும் நிலத்தைப் பிடிக்கப் போட்டி போட்டு ஓடின. இந்தப் புது மாவட்டத்தின் பிரபுவாக நியமிக்கப்பட்டவர் வெடம் ட்ரென். ஹ்லாலு குலத்தின் தலைவரும் இவரேதான். பேரரசின் கோட்டை நகரமான எபன்ஹார்ட்டில் உட்கார்ந்து ஆள்கிறார். வணிகம் பெருகுவதற்கும் குலம் செழிப்பதற்கும் பேரரசோடு ஒத்துப்போவதுதான் வழி என்று மனதார நம்புகிறவர்.

இவருடைய தம்பி ஓர்வாஸ் ட்ரென். அஸ்கேடியன் தீவுகள் என்ற வளமான பகுதியில் பெரிய பண்ணை வைத்திருக்கிறார். வயலில் வேலை செய்பவர்கள் ஆர்கோனியர் என்ற பல்லி இனத்தாரும் காஜீட் என்ற பூனை இனத்தாரும். எல்லோரும் அடிமைகள். அவர்கள் கையில் மாட்டியிருக்கும் காப்பு மந்திர சக்தியை உறிஞ்சிவிடும். ஊரறிய ஓர்வாஸ் ஒரு பண்ணையார். உண்மையில் கமோனா டோங் என்ற கடத்தல் கும்பலின் தலைவர் அவர். அந்நியர்களையெல்லாம் நாட்டைவிட்டு விரட்ட வேண்டும் என்பது அந்தக் கும்பலின் கொள்கை. அண்ணன் யாருடைய பெயரால் ஆள்கிறாரோ அவர்களைத் துரத்துவதுதான் தம்பியின் லட்சியம்.

தம்பி காட்டிலோ மலையிலோ ஒளிந்துகொண்டு போராடுகிறவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹ்லாலு சபையில் வாக்குள்ள உறுப்பினர்கள் ஐந்து பேர். வெலாண்டா ஒமானி, நெவெனா உலெஸ் என்ற இரண்டு பேர் ஓர்வாஸின் பிடியில் இருக்கிறார்கள். அவர் தலையசைக்காமல் அந்த இரண்டு வாக்குகளும் விழாது. மற்ற மூவரில் கிராசியஸ் க்யூரியோ பேரரசின் இனத்தவர். இங்லிங் என்பவர் வடக்கேயிருந்து வந்த நார்டு இனத்தவர். ட்ராம் பெரோ என்பவர் விவெக் நகரில் பேய் உலவுவதாகப் பேர்போன ஒரு மாளிகையில் மறைந்து வாழ்கிறார். அந்நியனுக்கும் நாற்காலி உண்டு, அந்நியனை வெறுக்கிறவனுக்கும் வாக்கு உண்டு. பேரரசின் பிரபு தலைமை தாங்கும் குலத்தின் சபையில் அவருடைய தம்பி கையில் ஐந்துக்கு இரண்டு!

கும்பலின் பிடி இதைவிட ஆழமாகவும் போகிறது. பேரரசு முழுவதும் கிளை விரித்திருக்கிற வீரர் சங்கத்தின் வார்டன்ஃபெல் தலைவர், கமோனா டோங்குக்குக் கடன்பட்டுக் கிடக்கிறார். அதனால் கும்பலின் எதிரிகளான திருடர் சங்கத்தின் தலைகளைத் தீர்த்துக்கட்ட வீரர் சங்கம் ஆள் அனுப்புகிறது. அந்நிய எதிர்ப்பு பேசுகிற கும்பல், அந்நியர்களின் சங்கத்தை வைத்தே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. நான் முதலில் விளையாடியபோது கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பாதிவரை போய்விட்டேன். யாருக்காக வாளெடுக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. விளையாட்டு எங்கேயும் எச்சரிக்கை மணி அடிக்காது. நான்கு பேரிடம் பேச்சுக் கொடுத்து நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்பதோடு முடிந்திருந்தால் இது நாம் எத்தனையோ முறை பார்த்த கதைதான். மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். பிரபு வெடம் ட்ரெனின் மகள் இல்மெனி ட்ரென்.

விவெக் நகரின் புனித டெலின் குடியிருப்பில் அவளைப் பார்க்கலாம். அடிமைகளை ரகசியமாக விடுவித்து எல்லை கடத்துகிற ‘இரட்டை விளக்குகள்’ இயக்கத்தில் அவள் இருக்கிறாள். அவளுடைய நம்பிக்கையைப் பெற்றால் நம்மிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறாள். குறிப்பிட்ட ஓர் ஆர்கோனிய அடிமையை மீட்டுக் கொண்டுவர வேண்டும். அவன் இருப்பது சித்தப்பாவின் பண்ணையில்.

அந்தப் பெண்ணின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பாவின் பேரரசு அடிமைமுறையை வேறெங்கும் அனுமதிக்கவில்லை, இங்கே மட்டும் உடன்படிக்கையைக் காட்டி வாய்மூடியிருக்கிறது. நாட்டுரிமை பேசுகிற சித்தப்பா காக்க நினைக்கும் உரிமையில் ஆளை விலைக்கு வாங்குவதும் அடக்கம். அவளுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. பேரரசா சுயாட்சியா என்று கேட்பவர்களின் பட்டியலில் ஆர்கோனியன் பெயர் இல்லவே இல்லை. அந்தப் பெயரை எழுதிச் சேர்ப்பவள் அவள் ஒருத்திதான். இந்த மாகாணத்தில் நான் முழு மனதோடு பக்கம் சேர்கிற ஒரே அரசியல் அவளுடையது.

இத்தனைக்கும் இந்த மூன்று பேரையும் ஒரே அறையில் நாம் பார்ப்பதில்லை. ஒருவர் கோட்டையில், ஒருவர் பண்ணையில், ஒருத்தி நகரக் குடியிருப்பில். உறவுமுறையை நாமாகக் கோத்துக்கொள்கிறோம். ஓர் உறவினர் கூட்டத்தை வைத்துக் கண்ணீர் வசனம் பேச வைத்திருந்தால் இந்தக் கனம் கிடைத்திருக்காது.

மேலிடத்து அரியணையும் இதே லட்சணம்தான். மன்னர் ஆத்தின் லெதன் இறந்ததும் அரசி பாரென்சியாவின் மகன் ஹெல்செத் அரசரானார். விஷம் வைத்தது இவர்தான் என்று ரகசியப் பத்திரிகை ஒன்று தலைநகர் மோர்ன்ஹோல்டில் சுற்றுக்கு வந்தது. அதே ஹெல்செத்தான் பின்னாளில் அடிமைமுறையை ஒழித்தார். அவரைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத ஆசை.

ஹ்லாலுவின் கணக்கை மட்டும் முடித்துவிடுகிறேன். மூன்றாம் யுகம் 433இல் ஒப்லிவியன் என்ற அரக்கர் உலகத்தின் வாயில்கள் திறந்து பேரரசு தடுமாறியது. மோரோவிண்டுக்குத் துணையாக நின்ற படை மெலிந்தது. நான்காம் யுகம் 5இல் செம்மலை வெடித்து வார்டன்ஃபெல் சாம்பலானது. அந்த அடியிலிருந்து எழுவதற்குள் தெற்கிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் ஆர்கோனியர்கள். தலைமுறை தலைமுறையாகக் காப்பு மாட்டி வயலில் நிறுத்தப்பட்ட அதே ஆர்கோனியர்கள். இந்த அழிவுக்கெல்லாம் பேரரசை நம்பச் சொன்னவர்களே காரணம் என்று ஹ்லாலுவின் மேல் பழி விழுந்தது. பெருங்குலங்களின் சபையிலிருந்து அவர்களை நீக்கிவிட்டு அந்த இடத்தை சாட்ராஸ் குலத்துக்குக் கொடுத்தார்கள். அடிமை வணிகத்தில் கொழுத்த ட்ரெஸ் குலம் தன் இடத்தை இழக்கவில்லை. இது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

ரெடோரானும் டெல்வானியும் அடுத்த வாரம் கட்டாயம் வருவார்கள். சபைக்குத் தாங்கள் வராமல், பேசுவதற்கு மட்டும் ஆளை அனுப்பிவிட்டுக் காளான் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் டெல்வானி மந்திரவாதிகளுக்கு நிறைய இடம் வேண்டும். அதற்குள், விளையாட்டைக் கணினியில் வைத்திருப்பவர்கள் புனித டெலின் குடியிருப்புக்குப் போய் இல்மெனியைப் பாருங்கள். அவள் கொடுக்கும் வேலையைத் தட்டாமல் செய்துவிட்டு வாருங்கள்.