கடைசிக் காயும் கரிசல் வெயிலும்

பெயரிலேயே ஒரு கிணற்றைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர் எங்கள் மல்லாங்கிணறு. ஆயினும் எங்கள் வட்டாரத்து வேளாண்மை பெரிதும் வானத்தை நம்பியதே ஆகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்தால், கரிசல் மண் அந்த ஈரத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கொண்டே செடிகளும் கொடிகளும் தை, மாசி வரை காய்க்கும். பங்குனி பிறந்ததும் நிலம் வெடிக்கத் தொடங்கும். கத்தரியின் இலை சுருளும். வெண்டை நார் பாயும். சீனியவரை முற்றி விதை புடைக்கும். அந்த வேளையில் செடியைப் பிடுங்குமுன் பறிப்பதே கடைசிப் பறிப்பு. அந்தக் காய் சந்தைக்குப் போனால் விலை கிடையாது. ஒரே வாரத்தில் எல்லாருடைய செடியும் ஓய்வதால், எல்லார் வீட்டிலும் அதே காய்தான் குவிந்திருக்கும். அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்றாலோ அவர்களும் ஒரு கூடையோடு நம் வாசலுக்கு வந்து நிற்பர்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. குளிர்நாடுகளில் உறைபனி விழுந்தால் ஒரே இரவில் தோட்டம் கருகிவிடும். ஆகவே அதற்குமுன் கிடைத்த காய்களையெல்லாம் பறித்து, கோதுமை மாவைத் தட்டிப் பரப்பி அதனுள் வைத்து மூடி, அடுப்பில் சுட்டு உண்பர். ‘பை’ என்று அவர்கள் அழைக்கும் பண்டம் அது. அமெரிக்காவில் பழுக்காத பச்சைத் தக்காளியைக்கூட இவ்வாறு சர்க்கரை சேர்த்துச் சுடுவதுண்டு. ஆனால் பை இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும். எங்கள் நிலத்திற்கு அது போதாது. பங்குனியில் ஓய்ந்த தோட்டம் மீண்டும் காய்க்க அடுத்த மழை வரவேண்டும். இடையில் ஏழெட்டு மாதங்கள் உள்ளன. அந்த ஏழெட்டு மாதங்களுக்குமாகக் காயைச் சேமித்து வைக்கும் முறையே வற்றல்.

பேச்சில் அது வத்தல். வெறுமனே ‘வத்தல்’ என்றால் எங்கள் பக்கத்தில் காய்ந்த மிளகாயையே குறிக்கும். மற்றவற்றிற்குக் கத்தரி வத்தல், சீனியவரை வத்தல், மிதுக்க வத்தல் என்று அடைமொழி கொடுத்தே ஆகவேண்டும். கடையில் இதை மாற்றிச் சொல்லிவிட்டு மிளகாயை வாங்கி வந்த வெளியூர் மருமகள்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று உண்டு.

வற்றலின் அறிவியல் எளிது. கத்தரிக்காயில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு நீர். ஒரு கிலோ காயில் நீரல்லாத பொருள் 80 கிராம் அளவே. பத்து விழுக்காடு ஈரம் எஞ்சுமாறு உலர்த்தினால் அந்த ஒரு கிலோ 90 கிராமுக்குள் அடங்கிவிடும். எடை குறைவது ஒரு பயன் என்றாலும், பெரும்பயன் வேறு. காயைக் கெடுப்பவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அவை உண்டு பெருகப் பிணைப்பற்ற நீர் வேண்டும். இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்னும் அளவால் குறிப்பர். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே வளர்வதில்லை. 0.6-க்குக் கீழே போய்விட்டால் பூஞ்சையும் வளராது. உப்பு இரண்டு வழிகளில் துணை புரிகிறது. சவ்வூடு பரவலால் காயின் உள்நீரை வெளியே இழுப்பது ஒன்று. எஞ்சிய நீரையும் தன்னோடு பிணைத்துக்கொண்டு நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காமல் செய்வது மற்றொன்று.

இதற்கெல்லாம் வெயில் மட்டும் போதாது. வறண்ட காற்றும் வேண்டும். கடலோர ஊர்களில் வெயில் எவ்வளவு அடித்தாலும் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வற்றல் நமத்துப் போகும். எங்கள் வட்டாரத்தில் பங்குனி, சித்திரையில் வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது இயல்பு. காற்றிலும் ஈரப்பசை குறைவு. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் சிவகாசியில் வேரூன்றியதற்கும் இந்த வறட்சியே துணை நின்றது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுவந்து தொடங்கிய தொழில் அது. உழவுக்குப் பகையான வெயில் தீக்குச்சியையும் வெடியையும் உலர்த்திக் கொடுத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே வெயில்தான் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கத்தரிக்காயையும் காய வைக்கிறது.

கத்தரி வற்றல் போடும் முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்; மற்றவற்றிற்கு இதுவே அடிப்படை. கடைசிப் பறிப்பில் சொத்தை மிகுதியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு காயையும் பிளந்து பார்த்தே எடுக்க வேண்டும். விதை பழுப்பேறிய காய் கசக்கும். அதை மாட்டுக்குப் போட்டுவிடலாம். நல்ல காயை நீளவாக்கில் நான்காகவோ ஆறாகவோ அரிந்து, அரிந்த உடனே உப்பு நீரில் இட வேண்டும். இல்லையேல் காயிலுள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து வெட்டுவாயைக் கறுக்கச் செய்யும். பிறகு உப்பும் மஞ்சளும் சேர்த்த கொதிநீரில் போட்டு, பாதி வெந்த பதத்தில் வடிக்க வேண்டும். இந்தக் கொதி, நொதிகளை அடக்கிவிடும். தோலின் இறுக்கத்தையும் தளர்த்தி நீர் வெளியேற வழிசெய்யும். குழைய வேகவிட்டால் பாயில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும்.

அதன்பின் ஓலைப்பாயில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். இங்கே எங்கள் அப்பத்தா சொல்லும் ஒரு நுட்பம் உண்டு. “காலை வெயிலுக்கே விரிச்சுரு தாயி. உச்சி வெயில்ல போட்டா மேல காஞ்சிரும், உள்ள அழுகிரும்” என்பார். தாவரவியல் வகுப்பில் அமர்ந்த பிறகே இதன் காரணம் எனக்குப் புரிந்தது. ஈரமான துண்டு திடீரென்று கடும் வெயிலைக் கண்டால் மேற்புறம் மட்டும் கெட்டியாகி ஓடுபோல மூடிக்கொள்ளும். உள்ளிருக்கும் நீருக்கு வெளியேற வழி இராது. பார்வைக்குக் காய்ந்ததாகத் தோன்றும் அந்தத் துண்டே பானைக்குள் முதலில் பூசணம் பிடிப்பது. பகலில் இரண்டு முறை புரட்டி, மாலையில் பனி படுமுன் எடுத்துவிட வேண்டும். மூன்று நான்கு வெயில் ஆனதும் கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும். வளைத்தால் வளையாது, படக்கென்று ஒடியும். அதுவே பதம்.

துருக்கியின் தென்கிழக்கிலும் இதே காயை இதே வெயிலில் உலர்த்துகின்றனர் என்பதை அறிந்தபோது வியப்பாக இருந்தது. காசியான்தெப் பகுதியில் கத்தரிக்காயைக் குடைந்து, கூட்டை மட்டும் நூலில் கோத்து மாலைபோல் தொங்கவிடுவர். குளிர்காலத்தில் அதை ஊறவைத்து, உள்ளே அரிசியை அடைத்து வேகவைப்பர். நாமோ புளிக்குழம்பில் மொச்சையோடு சேர்க்கிறோம். அசைவ வீடுகளில் கருவாட்டோடு சேரும்போது அதன் மணம் அடுத்த தெருவுக்கும் எட்டும்.

சீனியவரையை, அதாவது கொத்தவரையை, முழுதாகவே உப்புநீரில் அரைவேக்காடு செய்து உலர்த்தலாம். முற்றிய காயின் விதையில் ஒரு பசை உண்டு. அந்தப் பசையைத்தான் இராசத்தானிலிருந்து எண்ணெய்க் கிணறு தோண்டும் நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. வெண்டையை வேகவைத்தால் கொழகொழத்துவிடும். ஆகவே மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பச்சையாகவே காயப்போட வேண்டும். நுனி ஒடியாத வெண்டையை வற்றலுக்கும் எடுக்கலாகாது, நார் நார்தான். ஓய்ந்த மிளகாய்ச் செடியில் எஞ்சிய பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் காயவைத்து, மோர் வற்றும்வரை மாறி மாறிச் செய்தால் மோர் மிளகாய் கிடைக்கும். மோரின் புளிப்பு நுண்ணுயிர்களைத் தடுக்கும், காரத்தையும் மட்டுப்படுத்தும்.

இவையெல்லாம் எந்த ஊரிலும் உள்ளவை. கரிசலுக்கே உரியவை வேறு இரண்டு. ஒன்று, மிதுக்கு. வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு காட்டுக்கொடியின் கசப்புக் காய் அது. யாரும் விதைப்பதில்லை, புஞ்சைப் பயிரின் இடையே தானாகப் படரும். அறுவடை முடிந்த காட்டில் கிடைக்கும் காயைப் பொறுக்கி வந்து, உப்பில் வேகவைத்துக் காயவைத்து, எண்ணெயில் பொரித்தால் கசப்பும் உப்பும் கலந்து கம்மங்கூழுக்கு அதைப்போல் துணை வேறில்லை.

மற்றொன்று அதலைக்காய். பாகற்குடும்பம், வரிவரியாக, விரற்கடை நீளமே இருக்கும். இதன் கிழங்கு கோடை முழுவதும் கரிசல் மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டதும் தானே துளிர்க்கும். விருதுநகர், மதுரை, தூத்துக்குடிச் சந்தைகளில் மழைக்காலத்தில் கூறு கட்டி விற்பர். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 100 கிராம் அதலைக்காயில் 72 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளதெனக் கண்டது. பாகற்காயைக் காட்டிலும் இது பன்மடங்கு மிகுதி. இத்தனைச் சத்துள்ள காய் ஏன் தொலைதூரச் சந்தைகளை எட்டவில்லை? பறித்த பின் அது காத்திருப்பதில்லை என்பதே காரணம். இரண்டொரு நாளில் பழுத்து வெடித்து விதையைச் சிதறிவிடும். இன்று பறித்ததை இன்றே சமைக்க வேண்டும்; அல்லது இன்றே அரைவேக்காடு செய்து உலர்த்த வேண்டும். அதிலும் ஒரு தடை உண்டு. அதலை மிகுதியாகக் காய்க்கும் கார்த்திகையில் வெயில் இராது. வெயில் திரும்பும் தை மாதத்தில் காய் அருகிவிடும். ஆகவே தையில் கிடைக்கும் கடைசிக் காயே வற்றலுக்கு வாய்த்தது. எங்கள் ஊர்ப் பக்கம் டிராக்டரின் ஆழ உழவு கிழங்கைப் புரட்டி வெயிலில் எறிவதாலும், களைக்கொல்லி மருந்தாலும் இக்கொடி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதை நான் கண்டு வருகிறேன். வயலின் ஓரத்தில், வரப்பையொட்டி உழாத ஒரு முழம் விட்டால்கூட அது பிழைத்துக்கொள்ளும்.

உலர்ந்த வற்றலைச் சூடாறிய பின்னரே அடைக்க வேண்டும். சூட்டோடு பாலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து ஈரம் கோக்கும். மண்பானையில் இட்டு வாயை மெல்லிய துணியால் வேடு கட்டி வைப்பது பழைய வழக்கம். காற்றுப் புகாத கண்ணாடிச் சாடியோ எவர்சில்வர் தூக்கோ இன்னும் நன்று. ஆடியில் ஒருமுறை மறுவெயில் காட்டுவதைத் தவிர்க்கலாகாது. கோடை மழையில் நனைந்து பூசணம் கண்ட வற்றலைத் துடைத்து மீண்டும் காயவைத்து உண்பதும் தவறு. சில பூஞ்சைகளின் நச்சு வெயிலுக்கும் அடுப்புக்கும் அஞ்சுவதன்று.

வற்றலைப் போற்றும் ஆர்வத்தில் அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. வைட்டமின் ‘சி’ கொதியிலும் வெயிலிலும் பெரும்பகுதி அழிந்துவிடும். நார்ப்பொருளும் சுண்ணாம்புச் சத்தும் நிற்கும். ஆகவே பச்சைக் காய்க்கு வற்றல் ஈடாகாது. பச்சைக் காய் இல்லாத நாளின் துணையே அது. அதைவிடப் பெரிய குறை உப்பு. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. கைநிறைய மிதுக்க வற்றலைப் பொரித்துத் தின்றால் அதில் கணிசமான பங்கு அந்த ஒரு வேளையிலேயே தீர்ந்துபோகும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பொரிப்பதை விட்டு, வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுக் குழம்பில் இடலாம். எங்கள் வெயிலுக்கு அவ்வளவு உப்பே தேவையில்லை என்பது என் கருத்து. கத்தரி, சீனியவரை ஆகியவற்றை நன்றாகக் கொதியில் காட்டி மெல்லியதாக அரிந்து காயவைத்தால், வழக்கமான உப்பில் பாதி போட்டாலும் ஆண்டு முழுதும் கெடாமல் இருக்கின்றன. இரண்டு கோடைகளாக எங்கள் வீட்டில் இவ்வாறே செய்து வருகிறோம். அப்பத்தாவுக்கு மட்டும் இதில் உடன்பாடில்லை. “சப்புன்னு இருக்கு தாயி” என்பதே அவர் தீர்ப்பு.

இன்று வற்றல் போடும் வீடுகள் குறைந்துவிட்டன. சோம்பல் என்று பெண்களைக் குறை கூறுவோர் உண்டு, நான் உடன்படமாட்டேன். வற்றலுக்குப் பகலெல்லாம் ஓர் ஆள் வீட்டில் இருக்க வேண்டும், புரட்ட வேண்டும், காக்கையும் ஆடும் அண்டாமல் பார்க்க வேண்டும், மேகம் கறுத்தால் ஓடிப் பாயைச் சுருட்ட வேண்டும். காலையில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போய் மாலையில் திரும்பும் பெண்ணுக்கு அது எங்ஙனம் இயலும்? ஆகவே ஒரு பக்கம் காய் அழுகுகிறது. மறுபக்கம் அதே வீட்டார் கடையில் வற்றல் பொட்டலம் வாங்குகின்றனர். கத்தரி விலை வீழ்ந்த நாளில், பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்திற்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டு ஆட்டை மேயவிடும் தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு மாடியில் போட்டு, வீட்டிலிருக்கும் முதியவர் ஒருவருக்குக் காவற்கூலி கொடுத்தால் இது தீரும். பழைய கொசுவலை ஒன்றை நான்கு கம்பில் கட்டினால் ஈயும் காக்கையும் அண்டா. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதையே தொழிலாகச் செய்யலாம். விற்பனைக்கெனில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கடைசிப் பறிப்பில் விதைக்கென்று காய் ஒதுக்குவது சிலரது வழக்கம். அது வேண்டா. ஓய்ந்த செடியின் காயில் விதை சூம்பியிருக்கும். இரண்டாம், மூன்றாம் பறிப்பின்போதே நல்ல செடியில் திரண்ட ஒரு காயைத் தெரிந்து, காம்பில் ஒரு கந்தலைக் கட்டி அடையாளம் வைத்து, மஞ்சளாகப் பழுக்கும்வரை விட்டுவிட வேண்டும். அதன் விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவர். வற்றல் காயும் வெயிலில் விதையைப் போடுவதில்லை.