மழைக்குக் காத்திருக்கும் காளான்

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலை. திருவெறும்பூர்ப் பகுதியில் உய்யக்கொண்டான் கரையோரம் விழுந்து கிடக்கும் பழைய மரக்கட்டையைக் குனிந்து பாருங்கள். சிறு விசிறிகளைச் செருகி வைத்தாற்போல், மேலே வெண்மயிர் போர்த்திய காளான்கள் தென்படலாம். அகலம் 1 முதல் 4 செ.மீ. வரை இருக்கும். இதுவே ஷைசோபில்லம் கம்யூன். கிரேக்க மொழியில் ‘ஷைசோ’ என்றால் பிளவு; ‘பில்லான்’ என்றால் இலை. அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது உண்டு.

வெளியே தெரியும் விசிறிதான் முழுப் பூஞ்சை என எண்ணிவிடாதீர்கள். மாம்பழம் மாமரமாகுமா? உண்மையான உடல் கட்டைக்குள் பரவியுள்ள நுண்ணிழைகளே. அவை நொதிகளைச் சுரந்து, மரத்தின் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைத்து உறிஞ்சுகின்றன.

இயற்பியல் ஆசிரியனான என்னைக் கவர்ந்தது விசிறியின் அடிப்புறம். அங்குள்ள செவுள்கள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் உலரும்போது ஒவ்வொரு பிளவின் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட அதிகமாகச் சுருங்குகிறது. ஆகவே அது வளைந்து, வித்துகள் உண்டாகும் பரப்பை மூடிக்கொள்கிறது. மின்சார இஸ்திரிப் பெட்டியிலுள்ள ஈருலோகப் பட்டை வெப்பத்தால் வளைவது போன்றதே இது. இங்கே வேலை செய்வது வெப்பமன்று, ஈரம். மழை பெய்ததும் செவுள்கள் நிமிர்ந்து, மீண்டும் வித்துகளை உதிர்க்கின்றன.

எத்தனை காலம் காத்திருக்கும்? கனடாவில் பணியாற்றிய தாவரவியலறிஞர் புல்லர், உலர்ந்த காளான்களைக் காற்றகற்றிய கண்ணாடிக் குழாய்களில் 1911-இல் அடைத்து வைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் நனைத்தபோது அவை விரிந்து வித்துகளை உதிர்த்தன! சில மாதமே மழை காணும் திருச்சி மாவட்டத்தில் இது தழைப்பதில் வியப்பென்ன?

நீங்களும் சோதிக்கலாம். உலர்ந்த காளான் ஒன்றை ஈரத்தாளின் மேல் வைத்து மூடி, சில மணி நேரம் கழித்து உருப்பெருக்கியால் பாருங்கள். முகத்தருகே கொண்டு போகாதீர்கள். பிறகு கைகளைக் கழுவுங்கள். மணிப்பூரில் இதனைச் சமைத்து உண்பதுண்டு. எனினும், தாமாக முளைத்த எந்தக் காளானையும் நீங்கள் சுவைக்கலாகாது.

2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் பகுதியில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. மட்க வைக்கும் பூஞ்சைகள் இல்லையேல், மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்துகள் கட்டைக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். அடுத்த கன்றுக்கு உரம் ஏது? தோட்டத்தில் விழுந்த கட்டைகளை எல்லாம் எரித்துவிடாமல், ஒன்றையாவது ஒரு மூலையில் விட்டு வையுங்கள். அது மட்கி மண்ணாகட்டும்.