அட்டைகளில் ஒரு கணிப்பொறிப் பாடம்

கணிப்பொறியைக் கண்ணால் கண்டிராத மாணவனுக்கு அதன் சிந்தனை முறையைக் கற்பித்தல் இயலுமோ என ஐயுறுவோர் பலர். 1990-களில் நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல் என்பார், இயன் விட்டன், மைக்கேல் ஃபெலோஸ் ஆகியோருடன் இணைந்து, அட்டை, கயிறு, சுண்ணக்கட்டி முதலிய எளிய பொருள்களைக் கொண்டே இவ்வியலின் அடிப்படைகளை விளக்கும் விளையாட்டுகளைத் தொகுத்தார். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் கணிப்புமுறைச் சிந்தனையை வலியுறுத்துகிறது. கருவி வந்து சேரும்வரை காத்திருந்தால், பல மாணவர்கள் அதற்குள் பள்ளியைவிட்டே நீங்கிவிடுவர்.

ஓர் ஆட்டத்தைக் காண்போம். ஒருபுறம் கருமையும் மறுபுறம் வெண்மையுமான 36 அட்டைகள் தேவை. (சோழிகளும் போதும், வாய் மேலாகக் கிடப்பது ஒரு நிலை, கீழாகக் கிடப்பது மற்றொன்று.) மாணவன் ஒருவன் 25 அட்டைகளை விருப்பம்போல் ஐந்து வரிசைகளாகப் பரப்புகிறான். “ஆட்டத்தைச் சற்றுக் கடினமாக்குவோம்” என்று கூறி, ஆசிரியர் ஒவ்வொரு வரிசையின் இறுதியிலும் ஓர் அட்டையைச் சேர்த்து, கீழே ஆறாவது வரிசையையும் அமைக்கிறார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டபின், மற்றொரு மாணவன் ஓர் அட்டையை மட்டும் புரட்டிவைக்கிறான். ஆசிரியர் திரும்பிப் பார்த்து அதனைத் தவறாது சுட்டுகிறார்.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. கிடைவரிசை, நெடுவரிசை ஒவ்வொன்றிலும் கறுப்பு அட்டைகள் இரட்டைப்படையாக இருக்குமாறு சேர்க்கப்பட்டவையே அந்தப் புதிய அட்டைகள். ஓர் அட்டை புரண்டால் ஒரு கிடைவரிசையும் ஒரு நெடுவரிசையும் ஒற்றைப்படையாகின்றன. அவை சந்திக்கும் இடமே புரண்ட இடம். இதனை ஆசிரியர் முன்னதாகக் கூறிவிடுதல் தகாது. அரைமணி நேரம் கழியினும், மாணவர்கள் தாமே எண்ணிக் காணட்டும்.

அடுத்து எழும் வினா இன்னும் நன்று. இரண்டு அட்டைகள் புரண்டால்? அவை வெவ்வேறு கிடைவரிசைகளிலும் நெடுவரிசைகளிலும் இருப்பின் நான்கு சந்திப்புகள் தோன்றும். எவ்விரண்டு எனத் துணிய இயலாது, பிழை உண்டு என்பது மட்டும் புலனாகும். ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளும் புரண்டாலோ அதுவும் மறைந்துவிடும்.

செய்தி செல்லும் வழியில் நேரும் பிழையைக் கண்டு திருத்தும் முறைகளைப் பற்றி ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களுள் இறுதியானதும் ஒரு சரிபார்ப்பு இலக்கமே. கணக்கு வேறு, கருத்து ஒன்று. ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். பிறழ்ந்தது எந்த இலக்கம் என்பதை மட்டும் கூறாது. அதற்கு ஆறாவது வரிசையைப் போன்ற இன்னொரு காவல் வேண்டும்.